வன்னிக் காட்டைக் காக்க வருபவர்களுக்கு: ஒரு குளத்தில் இருந்து தொடங்குங்கள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் மரத்தையும் மிருகத்தையும் காக்கவேண்டும் என்ற ஆசையோடு வருபவர்கள் முதலில் கேட்பது, "கன்று எங்கே வாங்கலாம்?" என்பதுதான். கன்று நடலாம், அதற்கும் கீழே வழி சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த மண்ணில் அது பிந்திய வேலை. வெட்டிவிட்ட வீரைக் கட்டையிலும் பாலைக் கட்டையிலும் ஒரு மாரி கடந்ததும் தளிர் வந்துவிடும். போரால் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் வயல்கள் பற்றையாகி, பற்றைக்குள் இருந்து மரம் எழும்பி நின்றதை 2009க்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் கண்ணாலேயே கண்டார்கள். வேர் உயிரோடு கிடக்கிறது. விதையைப் பறவையும் வௌவாலும் கரடியும் கொண்டுவந்து போடுகின்றன. வளரவிடாமல் தடுப்பவை நெருப்பு, கட்டாக்காலி மாடு, பெக்கோ (மண்ணள்ளும் இயந்திரம்). இவற்றை ஒரு துண்டு நிலத்தில் இருந்து ஐந்தாறு வருடம் விலக்கி வைத்துவிட்டால் காடு தன் பாட்டில் திரும்பி வரும். அந்த விலக்கி வைக்கும் வேலையை ஊரோடு சேர்ந்து எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குளத்தைத் தெரிவு செய்யுங்கள்

'வன்னிக் காடு' என்று மொத்தமாக நினைத்தால் எங்கே கைவைப்பது என்றே தெரியாது. ஒரு சிறு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரணைமடு, கட்டுக்கரை, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்கள் வேண்டாம். ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற, ஐம்பது அறுபது ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற குளம் போதும்.

ஏன் குளம்? வன்னியில் ஊர், வயல், காடு மூன்றும் சந்திக்கிற இடம் அதுதான். வரண்ட வலயத்துக் குளங்கள் தனித்தனியாக வெட்டப்படவில்லை. மேல்குளத்தின் மிச்சத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு, அதன் மிச்சம் அடுத்ததற்கு என்று தொடராக ஓடுகின்றன. இந்தக் குளத்தொடர் முறையை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

குளத்தைச் சுற்றி ஒருமுறை முழுதாக நடவுங்கள். குளக்கட்டின் மேல் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். கட்டின் நடுவில் எங்கோ துருசு (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு), ஓரத்தில் வான் (மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம்). கட்டுக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் ஏறி இறங்குகிற சரிவுதான் அலைகரை. அலைகரைக்கு மேலே நிற்கிற மரவரிசை காற்றை மறித்து, வெயிலில் தண்ணீர் வற்றுவதைக் குறைக்கும். அதற்குக் கீழே உள்ள புல் மேலிருந்து வரும் மண்ணைப் பிடித்துவைக்கும். கட்டுக்குக் கீழே, வயல் தொடங்குவதற்கு முன் உள்ள ஈரமான பற்றைத் துண்டு, கட்டால் கசிகிற தண்ணீரின் உப்பு வயலுக்குப் போகாமல் தடுக்கும். இந்தத் துண்டைத்தான் 'சும்மா கிடக்கிற நிலம்' என்று நினைத்து முதலில் வெட்டி வெளியாக்குகிறார்கள். நான் என்றால் காவலை அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கவனிக்க ஒரு விஷயம்: குளக்கட்டின் மேல் பெரிய மரம் நடக்கூடாது. வேர் உக்கினால் அந்த வழியாகத் தண்ணீர் துளைபோட்டுக்கொண்டு கட்டே உடையும்.

நிலம் யாருடையது என்று கேட்டறியுங்கள்

200 ஏக்கர் வரை வயலுக்குப் பாயும் குளங்கள் சிறு குளங்கள். இவை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆகவே முதலில் போகவேண்டிய இடம் ஊர்க் கமக்காரர் அமைப்பு, பிறகு கமநல சேவை நிலையம். அதைவிடப் பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். குளத்தைத் தாண்டிக் காடு தொடங்குகிற இடத்தில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் இருக்கும். சில இடங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் பகுதியும் வரும். மடுவீதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காக்களாகின. கட்டுக்கரைக்குளம், கொக்கிளாய், வங்காலை ஆகியவை சரணாலயங்கள். வங்காலை 2010இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் ஆனது. இவற்றுக்குள் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இறுக்கமாக நடைமுறையில் இருக்கும். அனுமதியில்லாமல் ஒரு விதை பொறுக்கக்கூடப் போகவேண்டாம்.

எல்லைக்கல் என்றதும் ஊரவர்களின் முகம் மாறினால் ஆச்சரியப்படாதீர்கள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை பிடித்த வயல்களும் பல இடங்களில் காடு என்று எல்லை போடப்பட்டன. தன் தகப்பன் உழுத காணிக்குள் கல் நிற்பதைப் பார்த்தவரிடம் போய் 'காட்டைக் காப்போம்' என்றால் அவருக்கு எரியும், அந்த எரிச்சல் நியாயமானது. முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: யாருடைய காணிப் பிரச்சினைக்கும் எதிராக நாங்கள் நிற்கவில்லை, பிணக்கு உள்ள காணியில் கைவைக்கவும் மாட்டோம். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். இந்த நம்பிக்கை இல்லாமல் வன்னியில் எந்த மரமும் இரண்டு கோடை தாண்டாது.

கூட்டத்தை வயல்வேலை இல்லாத நாளில் வையுங்கள். கோயிலடியிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ வைத்தால் பெண்களும் வருவார்கள். விறகும் பழமும் மருந்துக் குழையும் தேடிக் காட்டோரம் போய்வருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். மாடு வைத்திருப்பவர்களைத் தனியாகப் போய்க் கூப்பிடுங்கள். அவர்கள் இல்லாமல் எடுக்கிற முடிவு எதுவும் நடக்காது.

காலடி வைக்கும் முன்

மிதிவெடி அபாயப் பலகையோ சிவப்பு அடையாளமோ உள்ள இடத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். அகற்றி முடிந்தது என்று சொன்ன பகுதியிலும் ஊரவர் நடக்கிற தடத்தை விட்டு விலகாதீர்கள். இரும்போ பிளாஸ்டிக்கோ, சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடவேண்டாம், கல்லெறியவேண்டாம். வந்த வழியே திரும்பி, இடத்தை நினைவு வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் இதைக் கிளம்பும் முன் ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள்.

அந்தி பட்ட பிறகும் விடியும் முன்னும் காட்டோரம் நடக்காதீர்கள், அது யானையின் நேரம். தனியே போகாதீர்கள். சத்தமில்லாமல் போய்க் கரடிக்குக் கிட்ட நிற்பதைவிட, கதைத்துக்கொண்டே போவது நல்லது. சருகுக்குள் கண்ணாடிப் புடையன் கிடக்கும், ஆகவே காலுக்குச் சப்பாத்து வேண்டும்.

தெரிந்தவரோடு நடவுங்கள்

மாடு மேய்த்தவர், தேன் எடுத்தவர், பரியாரி (நாட்டு வைத்தியர்) வீட்டுக்கு வேர் கொண்டுபோய்க் கொடுத்தவர் என்று ஊரில் ஒருவராவது இருப்பார். அவரோடு பல தடவை நடக்கவேண்டும், ஒவ்வொரு பருவத்திலும் நடக்கவேண்டும். பூவில்லாத காலத்தில் பார்த்த மரத்தைப் பூத்த பிறகு பார்த்தால் வேறு மரம் என்று நினைப்பீர்கள். மெல்லிய கொப்பி ஒன்று வைத்து, ஊரவர் சொல்கிற பெயரையே எழுதுங்கள்.

"ஐயா, இது என்ன மரம்?"

"உது தேத்தா, தம்பி. முந்தி குளத்துத் தண்ணி கலங்கினா இதின்ர கொட்டையை முட்டிக்குள்ள உரைச்சு விடுவம். தெளிஞ்சிடும்."

இப்படி ஒரு வரி கிடைத்தால் அந்த மரத்தை யாரும் வெட்டவிடாமல் பேசுவதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி, விண்ணாங்கு, உலுவிந்தை, காயா, கூழா, விளா, நாவல், இலுப்பை, மருது என்று வன்னி மரங்களின் வரிசை நீளம். எல்லாவற்றையும் முதல் வருடமே அறியவேண்டியதில்லை. குளத்தைச் சுற்றி நிற்கிற பத்துப் பன்னிரண்டை இலையையும் பட்டையையும் வைத்து அடையாளம் காண முடிந்தால் போதும்.

மிருகங்களை அறிய நல்ல இடம், வற்றிவரும் குளத்தின் சேற்றோரம். வெயில் ஏறும் முன் போய்ப் பாருங்கள். பன்றியும் மரையும் குளம்பு பதித்திருக்கும். கரடியின் தடத்தில் விரல்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கும், அவற்றுக்கு முன்னால் நீண்ட நகங்களின் குத்து தனியே விழுந்திருக்கும். சிறுத்தையின் தடம் வட்டமாக, நகமே இல்லாமல் இருக்கும், நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துவிடுகிறது. காட்டுக்கோழிச் சேவலைப் பார்க்க வாய்த்தால் கொண்டையைக் கவனியுங்கள், சிவப்புக்கு நடுவில் மஞ்சள். இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது.

காட்டுக்குள் இறங்கும்போது ஐயனாருக்குக் குழை முறித்துப் போடுகிற வழக்கம் இருக்கிற ஊர் என்றால் நீங்களும் போடுங்கள். கோயிலடி மரங்களில் கத்தி படாமல் இருப்பது அந்தப் பயபக்தியால்தான். அந்தத் தாய்மரங்களில் இருந்துதான் நாளைக்கு விதை எடுக்கப்போகிறீர்கள்.

வந்தேறிச் செடிகளை அகற்றுவது

பார்த்தீனியம் முதல் எதிரி. கரட் இலை மாதிரி இலையும் வெள்ளைப் பொட்டுப் பூவும் உள்ள செடி. பூக்கும் முன், மழை பெய்து மண் இளகிய நாளில் வேரோடு பிடுங்கவேண்டும். கையுறை போடுங்கள், மூக்கை மூடுங்கள், தோல் தடிப்பும் தும்மலும் வரும். இழுப்பு உள்ளவர்களை இந்த வேலைக்குச் சேர்க்கவேண்டாம். பூத்ததை எருக்குழியில் போடாதீர்கள், விதை எருவோடு சேர்ந்து தோட்டம் முழுக்கப் பரவும்.

நாயுண்ணியை மேலால் வெட்டினால் பத்துக் கிளையாக வரும். அலவாங்கால் அடிக்கட்டையைக் கிளப்பவேண்டும். ஆனால் ஒரே வருடத்தில் முழுதையும் துடைத்து எடுக்காதீர்கள். முயலும் குருவியும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும், முள்ளின் காவலில் வீரைக் கன்றும் முளைத்திருக்கும். துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் நம் பற்றை வந்த பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

மன்னார்ப் பக்கம் என்றால் சீமைக் கருவேலம். நிலமட்டத்துக்குக் கீழே இருக்கிற வேர்க்கட்டையை எடுக்காவிட்டால் திரும்ப முளைக்கும். அங்கே குடைபோல விரிந்து நிற்கிற உடைமரம் நமது மரம், முள்ளைப் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். குளத்துக்குள் ஆகாயத்தாமரையும் சல்வினியாவும் இருந்தால் இழுத்துக் கரையில், வெள்ளம் திரும்ப அடித்துப்போகாத உயரத்தில் காயப்போடுங்கள். குளத்தைச் சுற்றி எங்கும் களைநாசினி தெளிக்கவேண்டாம், அந்தத் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் போகிறது.

விதையும் நாற்றும்

காடு தானாக எழும்பாத இடங்களும் உண்டு. கிரவல் அள்ளிய கிடங்கு, டோசர் மேல்மண்ணை வழித்துத் தள்ளிய வெளி, தாய்மரமே மிஞ்சாத கட்டோரம். அங்கேதான் நடவேண்டும். நடுவதற்கு இலவசமாகக் கிடைக்கிறது என்று இபில் இபிலோ வேறு பிறநாட்டு மரமோ வாங்காதீர்கள். விதையை ஐந்தாறு மைல் சுற்றுக்குள் எடுங்கள்.

விதை எடுக்கிற காலம் ஆனி, ஆடி, ஆவணி. அப்போதுதான் பாலையும் வீரையும் பழுக்கும், வேப்பம்பழம் கொட்டும், நாவலும் இலுப்பையும் வரும். இவற்றின் விதைகளை நெல் போலக் காயவைத்துப் பெட்டியில் வைத்தால் செத்துவிடும். வேம்பு, நாவல், இலுப்பை மூன்றையும் சதை நீக்கிக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, சில நாட்களுக்குள் மண்ணில் போடவேண்டும். இலுப்பை விதை பொறுக்க மரத்தடிக்குக்கூடப் போகத் தேவையில்லை. வௌவால் சதையைத் தின்றுவிட்டு விதையை வேறு மரத்தடியில் குவியலாகப் போட்டிருக்கும். மருதங்காயை இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கவேண்டும், முளைக்க ஒன்றரை இரண்டு மாதம் எடுக்கும். கொன்றையின் ஓடு கல்லுமாதிரி. ஓரத்தைச் சீமெந்தில் உரசி, இரவு முழுக்க ஊறவையுங்கள். முதிரை விதைக்குச் சிறகு உண்டு. காய் வெடிக்கும் முன் எடுக்காவிட்டால் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) கொண்டுபோய்விடும். பாலைதான் மெதுவானது. அதன் ஓட்டையும் இலேசாக உரசி நடுங்கள். முளைத்த பிறகும் முதல் வருடத்தில் ஒரு சாண் வளர்ந்தால் நல்ல வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலைப்பழக் காலத்தில் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம் இருக்கிறது. விற்பதற்காகக் கொப்பையே வெட்டி விழுத்திப் பழம் ஆய்கிறார்கள். வெட்டிய கொப்பு மறுபடி காய்க்க வருடங்கள் செல்லும். அவர்களைத் திட்டுவதால் ஒன்றும் ஆகாது, அந்தப் பழம் சில குடும்பங்களுக்கு அந்த மாதத்துச் சாமான் காசு. மரத்தடியைக் கூட்டி, சாக்கு விரித்து, கொக்கத்தடியால் உலுப்பிப் பொறுக்கினால் கிடைப்பது குறையாது என்பதைக் கூடவே நின்று செய்து காட்டுங்கள். மேல்கொப்புப் பழத்தைக் கரடிக்கும் குருவிக்கும் விடச் சொல்லுங்கள்.

நாற்றுமேடைக்கு மேல்மண், மணல், உக்கிய மாட்டெரு மூன்றும் சம அளவில் போதும். ஒரு சாண் உயரத்துக்குக் குறையாத பொலித்தீன் பை எடுங்கள். இந்த மரங்கள் முதலில் வேரைத்தான் கீழே இறக்கும், கட்டைப் பையில் வேர் சுருண்டுவிடும். கிடுகால் பந்தல் போட்டு, நடுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது கிடுகைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெயிலுக்குப் பழக்குங்கள். ஆடியில் போட்ட விதை அதே ஐப்பசிக்கு நடத் தயாராகாது. அடுத்த மாரிவரை மேடையில் வைத்திருந்து முழங்கால் உயரத்தில் நட்டால்தான் பிழைக்கும்.

நடுவதும் காப்பதும்

ஐப்பசியில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து, மண்ணில் ஒரு முழம் ஈரம் இறங்கிய பிறகு நடுங்கள். கார்த்திகை நடுப்பகுதிக்குள் முடித்துவிட்டால் வேர் பிடிக்க முழு மாரியும் கிடைக்கும். தையில் நடுகிற கன்று கோடைக்குத்தான் போகும். வரிசை கட்டி நடாதீர்கள், காட்டில் வரிசை இல்லை. ஏற்கெனவே நிற்கிற பற்றையின் ஓரத்தில், அதன் நிழல் விழுகிற பக்கம் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை பாதியாகும். ஒவ்வொரு கன்றையும் சுற்றிச் சூரைமுள்ளு குத்துங்கள். எல்லைக்குக் கிளுவைக் கதியால் (நட்டால் தளிர்க்கும் வேலித் தடி) நல்லது.

அலைகரையின் புல்வெளியில் மட்டும் மரம் நடாதீர்கள். அது மாட்டுக்கும் மானுக்கும் வாத்துக்கும் உரியது, வெறும்வெளி என்று தோன்றினாலும் அதற்கு வேலை இருக்கிறது. கடலோர ஊர்களுக்கு இதையே கண்டலுக்கும் (அலையாத்தி மரங்களுக்கும்) சொல்கிறேன். இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை, 3 இடங்களில் மட்டுமே பாதிக்கு மேல் பிழைத்திருந்தன. தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைப் பாராமல் வெறும் சேற்றைக் கண்ட இடமெல்லாம் குத்தியது பெரிய காரணம். நீரோட்டம் மறிபட்டிருந்தால் அந்த மறிப்பை எடுத்துவிடுங்கள், கண்டல் தானே வரும்.

ஆடி, ஆவணியில் சோளகம் அடிக்கும்போதுதான் நெருப்பு. புதுப்புல் வரட்டும் என்று வைப்பார்கள், தேன்கூட்டுக்கு வைத்தது தவறும், வீதியோரக் குப்பைக்கு வைத்தது பரவும். ஆனி முடியும் முன் உங்கள் துண்டைச் சுற்றி ஆறேழு முழ அகலத்துக்குச் சருகையும் காய்ந்த புல்லையும் கூட்டி வழியெடுங்கள். பச்சைக் குழைக் கட்டுகள், சாக்கு, தண்ணீர்ப் பரல் ஆகியவை யார் வீட்டில் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். வட்ஸ்அப் குழு இருந்தால் நல்லது. ஆனால் பல ஊர்களில் கோயில் மணிதான் வேகமாகக் கேட்கும்.

மிருகங்களோடு

வீதியில் நிற்கிற யானைக்கும் குரங்குக்கும் சாப்பாடு போடாதீர்கள். கம்பிச் சுருக்கோ கட்டுத்துவக்கோ (மிருகம் தட்டினால் வெடிக்கும்படி கட்டிவைத்த துவக்கு) கண்டால் நீங்களாக அவிழ்க்கவேண்டாம், துவக்கு வெடிக்கும். இடத்தைக் குறித்து வனசீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அவசர இலக்கம் 1992. காயப்பட்ட மிருகத்துக்கும் அதே இலக்கம்தான். அழுங்கு, தேவாங்கு, தாரகை ஆமை போன்றவற்றைப் படம் எடுத்தால் இடம் தெரியும்படி முகநூலில் போடாதீர்கள். பிடித்து விற்பவர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் இடத்தை மறைத்துப் பதிய வழி உண்டு.

யானை விஷயத்தில் என் நிலைப்பாட்டை நேராகச் சொல்கிறேன். ஓர் இரவில் முழுப்போக நெல்லை இழந்தவரிடம் யானையின் அருமையைப் பேசுவது அநியாயம். உங்கள் குழு முதலில் அவருக்கு உதவவேண்டும். சேதத்தைப் படம் எடுத்து, பொலிஸ் முறைப்பாட்டுக்கும் கிராம அலுவலரின் கடிதத்துக்கும் அன்றைக்கே கூடப் போங்கள். யானை வேலிக்குக் கீழே புல் வளர்ந்து கம்பியில் முட்டினால் மின்சாரம் இறங்கிவிடும். அந்தப் புல்லை வெட்டுகிற முறை வைத்து, அதில் நீங்களும் ஒரு முறை எடுங்கள். இதைச் செய்கிற குழுவின் பேச்சை, 'வாய்வெடி (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) வைக்காதீர்கள்' என்று சொல்லும்போது ஊர் கேட்கும்.

இரண்டாம் வருடம்

புரட்டாதியில், மழைக்கு முன், நட்ட கன்றுகளையும் தானாக முளைத்தவற்றையும் எண்ணுங்கள். கொப்பியில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். எந்த மரம் பிழைத்தது, எங்கே மாடு கடித்தது, எங்கே நெருப்பு பட்டது என்பதையும் குறியுங்கள். தானாக முளைத்தது கூடுதலாக இருக்கிற துண்டில் நடுவதை நிறுத்திவிட்டு வேலியை மட்டும் திருத்துங்கள். பிழைக்காத இனத்தை அதே இடத்தில் மறுபடி நடவேண்டாம். அந்தக் கணக்கைக் கமக்காரர் அமைப்பின் காலபோகக் (மாரிகால நெற்செய்கை) கூட்டத்தில், விதைப்புத் திகதி தீர்மானிக்கிற அதே நாளில் வாசியுங்கள். அடுத்த வருடத்து நெருப்புவழிக்கு யார் யார் வருவது என்று அங்கேயே பெயர் எழுதிக்கொள்ளலாம்.